கண்ணாடித்தாளில் ஒரு கடல்

மியூனிக்கில் குடியிருக்கும் வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். ‘உர்மெல் அவுஸ் டெம் ஐஸ்’ என்ற பழைய ஜெர்மன் தொலைக்காட்சித் தொடரை மகளுக்குப் போட்டுக் காட்டினாராம். பனிப்பாறைக்குள் ஒரு முட்டை கடலில் மிதந்து வருகிறது. அந்தக் கடல் அப்பட்டமான பிளாஸ்டிக் தாள். “மகள் அதைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டாள். ஆனாலும் கண்ணை எடுக்காமல் பார்க்கிறாள். அப்படி என்னதான் இருக்கிறது இதில்?” என்று கேட்கிறார்.

நிறைய இருக்கிறது. ஒரு கைத்தொழிலின் சாரமே அந்தத் தாளில்தான் இருக்கிறது.

முதலில் கதை. டிட்டிவு என்ற தீவில் ஒரு பேராசிரியர் விலங்குகளுக்குப் பேச்சுக் கற்றுக்கொடுக்கிறார். எல்லாம் பேசுகின்றன, ஆனால் ஆளுக்கொரு நாக்குப் பிசகு. பென்குயினுக்கு ‘ஷ’ வராது, ‘ப்ஃப’தான் வரும். கடல்யானை பாறைமேல் உட்கார்ந்து சோகப் பாட்டுப் பாடிக்கொண்டே இருக்கும். முட்டையிலிருந்து வெளிவரும் ஆதிகாலக் குட்டியை அவை எல்லாம் சேர்ந்து வளர்க்கின்றன. ஒரு ராஜா அதை வேட்டையாட வருகிறார். எழுதியவர் மாக்ஸ் குரூஸெ. துணிப்பொம்மைகளுக்குப் பேர்போன கேத்தெ குரூஸெயின் மகன். 1969இல் ஹெஸ்ஸன் மாநில ஒளிபரப்பு நிறுவனம் இதை நான்கு பகுதிகளாக எடுத்தது. ஆட்டுவித்தவர்கள் ‘ஆக்ஸ்பர்கர் புப்பன்கிஸ்டெ’ என்னும் பொம்மலாட்டக் குழுவினர்.

அந்தக் குழுவைத் தொடங்கியவர் வால்டர் ஓமிஷன், ஆக்ஸ்பர்க் நகர நாடக அரங்கில் நடிகராகவும் இயக்குநராகவும் இருந்தவர். போர்க்காலத்தில் சிறிய பொம்மை மேடை ஒன்றைச் செய்து அந்த அரங்கில் வைத்திருந்தார். 1944 பிப்ரவரியில் விழுந்த குண்டுகளில் அரங்கோடு மேடையும் எரிந்தது. பொம்மைகளை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்ததால் அவை மட்டும் பிழைத்தன. அடுத்த மேடை, பெட்டியில் அடைத்து எங்கும் தூக்கிப்போகிற மாதிரி இருக்க வேண்டும் என்று அவர் முடிவுகட்டினார். 1948 பிப்ரவரி 26 அன்று, பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றில் புதிய மேடை திறந்தது. தொடர்களின் தொடக்கத்தில் மரப்பெட்டியின் கதவு திறக்கிறதே, அதன் பின்னால் இந்தத் தீ இருக்கிறது. மனைவி ரோஸெ உடைகள் தைத்தார். மகள் ஹன்னலோரெ லிண்டன் மரத்தில் ஆயிரக்கணக்கான பொம்மைகளைச் செதுக்கினார்.

இனி என் மனம் எப்போதும் போய் நிற்கும் இடம்: அந்தக் கடல்.

பொம்மைக்கு ஏற்ற அளவில் ஒரு தொட்டி செய்து தண்ணீர் ஊற்றிவிட்டால் என்ன என்று தோன்றும். தண்ணீர் கெடுக்கும். மரம் ஊறும், சாயம் கரையும் என்பது ஒரு பக்கம். பெரிய சிக்கல், தண்ணீரைச் சுருக்க முடியாது என்பதுதான். கப்பலைப் பத்தில் ஒரு பங்காக்கலாம். நீர்த்துளியை அப்படி ஆக்க முடியாது. துளியின் பருமனைப் பரப்பு இழுவிசை தீர்மானிக்கிறது. பக்கத்தில் நிற்பது நிஜக் கப்பலா பொம்மைக் கப்பலா என்று அது பார்ப்பதில்லை. அதனால் பொம்மைக் கப்பலின் மேல் தெறிக்கும் துளி பூசணிக்காய் அளவுக்குத் தெரியும். அலைக்கும் இதே கதி. சமுத்திர அலை நிதானமாக எழுந்து விழும். தொட்டியில் எழும் சிற்றலை படபடவென்று துடிக்கும். சினிமாக்காரர்கள் மாதிரிக் கப்பல்களைப் படம்பிடிக்கும்போது கேமராவை வேகமாக ஓட்டி, பிறகு மெதுவாகக் காட்டுவது இதை மறைக்கத்தான். தண்ணீரில் எடுத்தால் தண்ணீரே காட்டிக்கொடுத்துவிடும்.

கண்ணாடித்தாள் காட்டிக்கொடுக்காது. விரித்துப் போட்டால் வழவழப்பான மடிப்புகள் விழுகின்றன. ஒவ்வொரு மடிப்பின் முதுகிலும் விளக்கொளி ஒரு கீற்றாகப் பளிச்சிடுகிறது. ஆட்கள் தாளை அசைக்க, மடிப்பு நகர்கிறது, கீற்றும் கூடவே ஓடுகிறது. தூரத்தில் நின்று கடலைப் பார்க்கும்போது நம் கண் பிடித்துக்கொள்வதும் இந்த ஓடும் ஒளியைத்தான். எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும் என்பது அசைக்கும் கையின் கணக்கு. அமைதியான கடலுக்கு ஒரு கை, புயலுக்கு ஒரு கை. மிஷாயேல் எண்டேயின் ‘ஜிம் க்னோப்ஃப்’ கதையில் எம்மா என்ற ரயில் எஞ்சின் கப்பலாகிக் கடலில் போவதும் இந்தத் தாள்மேல்தான். எங்கள் பள்ளி நாடகத்தில் குகன் ஓடம் விடும்போது, இரண்டு பேர் ஓரங்களில் உட்கார்ந்து நீலச்சேலையை ஆட்டுவோம். சேலையை யாரும் பார்த்ததில்லை, கங்கையைத்தான் பார்த்தார்கள்.

வாசகிக்கான பதிலும் இதுதான். நூல் தெரிகிறது, தாள் தெரிகிறது, ஆக்ஸ்பர்க்காரர்கள் எதையும் ஒளிப்பதில்லை. பாதி வேலையை, பார்க்கும் குழந்தையிடமே விட்டுவிடுகிறார்கள். அந்தப் பாதியைத் தன் மனத்தால் நிரப்புகிற குழந்தை அந்தக் கடலுக்குச் சொந்தக்காரி ஆகிவிடுகிறாள். எல்லாவற்றையும் கணினியே வரைந்து கொடுத்துவிட்டால் அவளுக்குச் செய்ய என்ன மிச்சம்?

இந்தத் தொழிலில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. நம் பொம்மலாட்டப் பொம்மை நாலரை அடி உயரம், பத்துக் கிலோ எடை வரை இருக்கும். இந்திய மரபில் இவ்வளவு கனமான நூல்பொம்மை வேறு இல்லை. கயிறுகளை ஓர் இரும்பு வளையத்தில் கட்டி, அந்த வளையத்தை ஆட்டுபவர் கிரீடம்போலத் தலையில் மாட்டிக்கொள்கிறார். பொம்மையின் கைகளைக் கம்பிகளால் இயக்குகிறார். அவர் தலை அசைந்தால் பொம்மை அரிச்சந்திரனின் தலை அசைகிறது. ஆட்டுபவரின் உடம்பே பொம்மைக்குள் இறங்குகிற இந்த உத்தி உலகம் வியக்க வேண்டியது.

ஆனால் அந்தக் கலைஞர்களை நாம் எதற்குக் கூப்பிடுகிறோம்? கோயில் திருவிழாவில் ஓர் இரவு. மற்றபடி, கொசு ஒழிப்பு, எய்ட்ஸ் தடுப்பு, வாக்களிப்பது கடமை என்று விழிப்புணர்வுப் பிரசாரம். நல்ல செய்திகள்தான். ஆனால் அரிச்சந்திரனை அழவைக்கத் தெரிந்த கையில் துண்டறிக்கையைத் திணிப்பது அந்தக் கைக்குச் செய்யும் மரியாதை அல்ல.

புப்பன்கிஸ்டெ நிலைத்ததற்கு ஜெர்மானியரின் பழம்பெருமைப் பற்று காரணம் அல்ல. 1953இலேயே தொலைக்காட்சி அவர்களைத் தேடி வந்தது. பிறகு பல ஆண்டுகள் ஒரு பொது ஒளிபரப்பு நிறுவனம் தொடர்ந்து வேலை கொடுத்தது. தங்கள் காலத்தில் வாழ்ந்த எழுத்தாளர்களின் புத்தம்புதுக் கதைகளை அவர்கள் ஆட்டினார்கள். வேலை இருந்ததால் அடுத்த தலைமுறை உளியை எடுத்தது. கலையைக் காப்பாற்றுவது விருதும் பொன்னாடையும் அல்ல. வாரா வாரம் வருகிற வேலை. தமிழில் குழந்தைகளுக்கு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், பொம்மை செதுக்கவும் ஆட்டவும் தெரிந்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன, வாரத்தில் அரைமணி நேரம் ஒதுக்க முடியாத அலைவரிசையும் இல்லை. இந்த மூன்று பேரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் பொறுப்பை யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும்.