அமுக்கரா வேர்: பயனும் பாதுகாப்பும்



ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் இன்று ஒரே குடும்பத்தில் ஒருவர் நிலத்தில் உழைக்கிறார். மற்றொருவர் தொழிற்பேட்டையில் முறை மாற்றி இரவும் பகலும் வேலை பார்க்கிறார். உடல் அசதி, தூக்கமின்மை, கைகால் வலி ஆகியவை இருவருக்கும் உண்டு. இவற்றுக்கெனக் கடைகளில் விற்கப்படும் மூலிகைகளில் முதலிடம் பெற்றிருப்பது அமுக்கரா வேர். ஓசூரில் சூரணமாகவும், எல்லை தாண்டிப் பெங்களூருக் கடைகளில் அடைப்பான் மாத்திரையாகவும் இது கிடைக்கிறது. 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்று மருத்துவரைக் கேளாமலேயே பலர் மாதக் கணக்கில் உட்கொள்கின்றனர். இவ்வேர் நல்ல மருந்துதான். ஆனால் மருந்துக்குரிய அளவும், காலமும், விலக்கும் இதற்கும் உண்டு. இதனை உண்போரும், பயிரிட எண்ணுவோரும் அறிந்துகொள்ள வேண்டியவற்றைக் கீழே காண்போம்.

செடியும் பெயர்களும்

அமுக்கரா, கத்தரி, தக்காளி, புகையிலை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. இதன் தாவரப் பெயர் விதானியா சோம்னிஃபெரா. சொடக்குத் தக்காளியைப் போல மெல்லிய உறைக்குள் சிறு காய்கள் இருக்கும். அவை பழுத்ததும் சிவந்து காணப்படும். பச்சை வேரில் குதிரையின் வாடை வீசுவதால் வடமொழியில் அசுவகந்தா எனப் பெயர் வந்தது. தமிழில் அமுக்கரா, அமுக்கிரா, அமுக்குரா என்றும், தெலுங்கில் பென்னேரு என்றும், கன்னடத்தில் அசுவகந்தி, ஹிரேமத்து என்றும் வழங்குகின்றனர். மூன்று மொழிகளும் புழங்கும் நம் எல்லைப் பகுதியில் இப்பெயர்களை அறிந்திருப்பது நலம். ஒரே வேரை இரு பெயர்களில் இரு கடைகளில் வாங்கி, இரு வேளை உண்போரும் உளர்.

என்ன பயன்?

சித்த மருத்துவத்தில் அமுக்கரா வேரைப் பசும்பாலில் பிட்டவியலாக அவித்து, உலர்த்தி, இடித்துத் தூளாக்கிய பின்னரே மருந்தில் சேர்ப்பது வழக்கம். அமுக்கராச் சூரணத்தில் இவ்வேருடன் சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு, சிறுநாகப்பூ, சர்க்கரை ஆகியன சேர்கின்றன. உடல் மெலிவு, அசதி, வாத வலிகள், தூக்கக் குறைவு ஆகியவற்றுக்கு இது கொடுக்கப்படுகிறது.

அண்மைக் காலத்தில் நடந்த ஆய்வுகளில், மன அழுத்தத்தைக் குறைப்பதிலும் தூக்கத்தை மேம்படுத்துவதிலும் இவ்வேர் ஓரளவு உதவுவது தெரிய வந்துள்ளது. ஆயினும் அவ்வாய்வுகளில் பெரும்பாலானவை சிறிய எண்ணிக்கையினரைக் கொண்டு, இரண்டு அல்லது மூன்று மாத காலமே நடத்தப்பட்டவை. ஆதலால், ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து உண்டாலும் கேடில்லை என்பதற்கு அவை சான்றாகா. சர்க்கரை நோயையோ இரத்தக் கொதிப்பையோ இவ்வேரால் மட்டும் குணப்படுத்தி விடலாம் என்று விற்பனையாளர் கூறினால் நம்ப வேண்டாம்.

எவ்வளவு உட்கொள்ளலாம்?

இந்திய ஆயுர்வேத மருந்து நூலில் அமுக்கரா வேர்த்தூளின் அளவு, 3 முதல் 6 கிராம் எனக் குறிக்கப்பட்டுள்ளது. ஒரு தேக்கரண்டித் தூள் ஏறத்தாழ 2 முதல் 3 கிராம் இருக்கும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அடைப்பான் மாத்திரைகளில் இருப்பது பெரும்பாலும் வேர்த்தூள் அன்று. வேரிலிருந்து வடித்தெடுத்துச் செறிவூட்டிய சத்து. சீட்டில் '10:1' என்று குறித்திருந்தால், 10 கிலோ வேரிலிருந்து 1 கிலோ சத்து எடுக்கப்பட்டது என்று பொருள். அத்தகைய மாத்திரை ஒன்றில் 500 மில்லிகிராம் சத்து இருந்தால், அது 5 கிராம் வேருக்குச் சமம். நாளொன்றுக்கு இரண்டு மாத்திரை உட்கொண்டால் 10 கிராம் வேர் ஆகிவிடும். இதனுடன் பாலில் ஒரு கரண்டிச் சூரணமும் கலந்து குடித்தால், மருந்து நூல் சொன்ன அளவைப் போல இரு மடங்கை எட்டிவிடும். எனவே, தூள், மாத்திரை, இலேகியம் ஆகியவற்றுள் ஒன்றை மட்டுமே மருத்துவர் கூறும் காலம் வரை உட்கொள்ள வேண்டும்.

யார் தவிர்க்க வேண்டும்?

1. கருவுற்ற தாய்மார்கள் அறவே உட்கொள்ளலாகாது. பாலூட்டும் தாய்மாரும் தவிர்த்தல் வேண்டும்.

2. தைராய்டு நோயாளிகள்: இவ்வேர் தைராய்டு சுரப்பைக் கூட்டக் கூடியது. சுரப்பு ஏற்கெனவே மிகுந்தவர்களுக்கு இதனால் தீங்கு நேரும். சுரப்புக் குறைவுக்கு மாத்திரை சாப்பிடுவோருக்கும் அளவு மிஞ்சிப் படபடப்பு, கை நடுக்கம், எடைக் குறைவு தோன்றலாம்.

3. கல்லீரல் நோய் உள்ளவர்களும், நாள்தோறும் மது அருந்துவோரும் இதனை நெருங்கவே கூடாது.

4. சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து சாப்பிடுவோர், மருத்துவரைக் கேளாமல் சேர்த்துச் சாப்பிட்டால் சர்க்கரையும் அழுத்தமும் அளவுக்கு மீறிக் குறையலாம். அமுக்கராச் சூரணத்தில் சர்க்கரை சேர்வதையும் சர்க்கரை நோயாளிகள் மறத்தலாகாது.

5. தூக்க மாத்திரை, வலிப்பு மருந்து உட்கொள்வோருக்கு மயக்கம் மிகும். இயந்திரத்தில் வேலை செய்வோரும், டிராக்டர் ஓட்டுவோரும் இதில் மிகுந்த எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

6. அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர்கள், தாம் உட்கொள்வதை மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

கல்லீரலுக்கு நேரும் கேடு

அமுக்கரா உட்கொண்டோருள் சிலருக்கு மஞ்சள் காமாலை கண்ட செய்தி 2020 ஆம் ஆண்டு மருத்துவ இதழ் ஒன்றில் வெளியாயிற்று. ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலுமாக ஐந்து பேர் அதில் விவரிக்கப்பட்டிருந்தனர். உட்கொள்ளத் தொடங்கி 2 முதல் 12 வாரங்களுக்குள் அவர்களுக்குக் காமாலையும் அரிப்பும் தோன்றின. மருந்தை நிறுத்திய பின் சில மாதங்களில் அவர்களுள் நால்வர் தேறினர். 2023 இல் நம் நாட்டுக் கல்லீரல் மருத்துவர்களும் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதினர். அவர்களுள், முன்பே கல்லீரல் பழுதுற்றிருந்தவர்களே உயிருக்கு ஆபத்தான நிலைக்கு ஆளாயினர். அதே 2023 இல் டென்மார்க் அரசு, கருவுக்கும் சுரப்பிகளுக்கும் தீங்கு நேரலாம் எனக் கருதி, உணவுத் துணைப் பொருள்களில் அமுக்கராவைச் சேர்ப்பதைத் தடை செய்தது.

இவ்வேரை உட்கொண்ட எல்லோருக்கும் இவ்வாறு நேர்வதில்லை. கோடிக்கணக்கானோர் உண்பதில் சிலருக்கே நேர்கிறது. ஆனால் அந்தச் சிலர் யார் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. ஆகவே, கீழ்க்கண்ட அறிகுறிகளை வீட்டில் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

• உடல் முழுதும் அரிப்பு
• பசியின்மை, குமட்டல், கடும் அசதி
• சிறுநீர் கடும் மஞ்சளாகவோ தேநீர் நிறத்திலோ போதல்
• கண்ணின் வெள்ளை விழி மஞ்சளாதல்

இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே உட்கொள்வதை நிறுத்திவிட்டு, அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காமாலை என்றதும் மந்திரிக்கவும், வேறொரு மூலிகையை அரைத்துக் குடிக்கவும் சென்று நாளைக் கடத்துவது நம் பக்கத்தில் அதிகம். ஒரு தூளால் வந்த காமாலைக்கு இன்னொரு தூளைத் தேடுவது, தீயை அணைக்க வைக்கோல் போடுவது போலாகும். இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே முதல் வேலை.

வேர் வேறு, இலை வேறு

இச்செடியில் விதனோலைடு எனப்படும் வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் விதாஃபெரின் ஏ என்பது, உயிரணுக்களையே அழிக்கும் வீரியமுடையது. இது வேரைவிட இலையில் மிகுதி. நம் மருத்துவ நூல்கள் உள்ளுக்குச் சொன்னது வேரையே. இலையை அரைத்து வீக்கத்தின்மேல் பற்றிடும் வழக்கம் உண்டு. ஆனால் மேலுக்குப் பூசுவது வேறு, உள்ளுக்குச் சாப்பிடுவது வேறு.

வேர் விலை கூடியது, இலையோ மலிவானது. எனவே சில உற்பத்தியாளர்கள் இலையிலிருந்தும் சத்தெடுத்துக் கலக்கலாயினர். இதனைக் கண்ட ஒன்றிய ஆயுஷ் அமைச்சகம், அமுக்கரா இலையைப் பயன்படுத்தாமல் வேரையே பயன்படுத்துமாறு உற்பத்தியாளர்களுக்கு 2021 அக்டோபரில் அறிவுறுத்தியது. மாத்திரை வாங்கும்போது, செடியின் எப்பகுதி சேர்க்கப்பட்டுள்ளது என்று சீட்டில் பாருங்கள். 'வேர்' என்று தெளிவாக எழுதப்படாததை வாங்காதீர்கள். சித்த, ஆயுர்வேத மருந்தாயின் உற்பத்தி உரிம எண்ணும், உணவுத் துணைப் பொருளாயின் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், தொகுதி எண்ணும், காலாவதி நாளும் இருத்தல் வேண்டும். சந்தையில் சாக்கில் கொட்டி விற்கும் தூளில் என்ன கலந்துள்ளது என்பதைக் கண்ணால் அறிய இயலாது.

காட்டில் தாமே கிழங்கும் வேரும் தோண்டி உண்பதும் ஆபத்து. செங்காந்தள் எனும் கண்வலிக்கிழங்கை உண்ணும் கிழங்கென நினைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தோர் உண்டு.

பயிரிடுவோர் கவனத்திற்கு

மானாவாரிச் செம்மண்ணில் வரும் பயிர் என்பதால், ராகிக்கும் தக்காளிக்கும் மாற்றாக அமுக்கராவைப் பயிரிடலாமா என நம் பகுதி உழவர்கள் கேட்கின்றனர். மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் மாவட்டங்கள் இப்பயிருக்குப் பெயர் பெற்றவை. வடிகால் வசதியுள்ள மணற்பாங்கான செம்மண் இதற்கு ஏற்றது. நீர் தேங்கினால் வேர் அழுகும். விதைத்த 150 முதல் 180 நாட்களில், இலைகள் காய்ந்து பழங்கள் சிவந்ததும் அறுவடை செய்யலாம். எக்டருக்கு 300 முதல் 500 கிலோ உலர்ந்த வேர் கிடைக்கும்.

நீங்கள் விற்கும் மூட்டை, யாரோ ஒருவர் வாயில் மருந்தாகப் போய்ச் சேருகிறது. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் அவசியம்.

தண்ணீரும் மண்ணும்: வேர்ப் பயிர் மண்ணிலுள்ள நஞ்சையும் உறிஞ்சும். மூலிகை மருந்தில் காரீயம் பத்து இலட்சத்தில் 10 பங்கு, ஆர்செனிக் 3 பங்கு, பாதரசம் 1 பங்கு, காட்மியம் 0.3 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்பது விதி. பெங்களூருவின் கழிவு கலந்து, தென்பெண்ணையாற்றில் கெலவரப்பள்ளி அணையருகே நுரை பொங்கி வருவதை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். அத்தகைய நீர் பாயும் நிலத்திலும், ஆலைக் கழிவு வடியும் ஓடைக் கரையிலும் மூலிகை வேர்ப் பயிரைத் தவிர்த்து விடுங்கள். மற்ற நிலங்களிலும் மண்ணையும் நீரையும் பரிசோதித்த பின்னரே விதையுங்கள்.

அறுவடை: செடியை வேரோடு பிடுங்கி, தண்டையும் இலையையும் அன்றே வெட்டி அகற்ற வேண்டும். எடை கூட்டுவதற்காகத் தண்டைச் சேர்த்து அனுப்புவது, தரத்தையும் விலையையும் குறைக்கும். 'இலையையும் எடுத்துக்கொள்கிறோம்' என்று சொல்லும் வியாபாரிக்கு விற்க வேண்டாம்.

உலர்த்தல்: மண் போக நன்கு அலசி, நிழலிலோ இளவெயிலிலோ தார்ப்பாய் மேல் பரப்பி, ஒடித்தால் 'சடக்'கென ஒடியும் வரை உலர்த்துங்கள். ஈரத்துடன் கட்டினால் பூஞ்சணம் பிடித்து, அதன் நஞ்சு மருந்திலும் சேரும். பருத்து, வழவழப்பாக, உடைத்தால் உள்ளே வெண்மையாக இருக்கும் வேரே முதல் தரம்.

மருந்துச் செடி வியாபாரத்தில் விலை ஏறி இறங்கும். வாங்குபவர் யார், எந்தத் தரத்துக்கு என்ன விலை என்பதை எழுத்தில் பெறாமல் முழு நிலத்தையும் இதற்கு ஒதுக்க வேண்டாம். முதல் ஆண்டு கால் ஏக்கரில் தொடங்கினால் போதும். பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தை அணுகி, உங்கள் மண்ணுக்கு இப்பயிர் ஏற்றதா என்று கேட்டறியலாம்.

உண்போருக்கும் ஒரு வார்த்தை: அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. அங்கே கட்டணமின்றி ஆலோசனையும் மருந்தும் பெறலாம். நீங்கள் உண்ணும் மற்ற மாத்திரைகளையும் அங்கே காட்டி, உங்களுக்கு அமுக்கரா தேவையா, தேவையெனில் எத்தனை நாள் என்று கேட்டுத் தெளிந்து, அதன்பின் உட்கொண்டு பயன்பெறுமாறு கேட்டுக்கொள்கிறோம்.