பள்ளி இறுதித் தேர்வும் கல்லூரித் தகுதியும்: கொல்கத்தா வரலாற்றில் தேர்வுமொழி

முன்னுரை

பள்ளிக் கல்வியின் முடிவில் நடைபெறும் தேர்வுக்கு இரு பணிகள் உண்டு. மாணவர் கற்றதை அளப்பது ஒன்று. அடுத்து அவர் செல்லவிருக்கும் கல்லூரிக்கோ தொழிலுக்கோ வேண்டிய தகுதி அவரிடம் உள்ளதா என்பதைக் காட்டுவது மற்றொன்று. இவ்விரு பணிகளும் தம்முள் இயைய வேண்டும் என்பதைக் கல்வியாளர் அனைவரும் ஏற்பர். ஆயின் இவ்வியைபு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பாடத்திட்டம், மதிப்பெண் ஆகிய இரண்டோடு நின்றுவிடுகின்றன. வினா எந்த மொழியில் அமைகிறது, விடை எந்த மொழியில் கோரப்படுகிறது, அம்மொழி அதற்கு ஆயத்தம் செய்யப்பட்டுள்ளதா என்பன பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. இவ்வினாக்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுந்துவரும் நகரம் கொல்கத்தா. அந்நகரின் தேர்வு வரலாற்றைத் துணையாகக் கொண்டு, தேர்வு இயைபில் மொழி பெறும் இடம் இங்கு ஆராயப்படுகிறது.

நுழைவுத் தேர்வின் மொழி

கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1857 ஜனவரி 24இல் நிறுவப்பட்டது. அவ்வாண்டிலேயே அதன் முதல் நுழைவுத் தேர்வும் நடைபெற்றது. பின்னாளில் மெட்ரிகுலேஷன் எனப் பெயர் பெற்ற இத்தேர்வைப் பள்ளிகள் நடத்தவில்லை, பல்கலைக்கழகமே நடத்தியது. எனவே பள்ளியில் எது கற்பிக்கப்பட வேண்டும் என்பதைக் கல்லூரியின் தேவையே முடிவு செய்தது.

தொடக்க ஆண்டுகளில் வரலாறு, புவியியல், கணிதம் முதலிய பாடங்களில் தாய்மொழியில் விடை எழுத இடமிருந்தது. 1860களின் தொடக்கத்தில் அவ்விடம் பறிக்கப்பட்டு, விடைகள் ஆங்கிலத்திலேயே அமைய வேண்டும் என்னும் விதி வந்தது. கல்லூரியில் ஆங்கிலமே பயிற்றுமொழி ஆதலின், பள்ளித் தேர்வும் ஆங்கிலத்தில் அமைவதே பொருத்தம் எனக் கருதப்பட்டது. இதுவும் ஒருவகை இயைபே. ஆனால் அதற்குரிய விலையைப் பள்ளி மாணவர் கொடுத்தனர். பாடத்தைக் கற்பதற்கு முன் பாடத்தின் மொழியைக் கற்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு ஏற்பட்டது.

தொழில் தகுதி பற்றிய எண்ணமும் பழமையானதே. 1882இல் அமைக்கப்பட்ட ஹண்டர் குழு, உயர்நிலைப் பள்ளியின் மேல்வகுப்புகளை இரு கிளைகளாகப் பிரிக்கப் பரிந்துரைத்தது. ஒன்று பல்கலைக்கழக நுழைவுக்குரியது; மற்றொன்று வணிகம் முதலிய வாழ்க்கைத் தொழில்களுக்குரியது. ஆயின் கல்லூரிக்கும் அரசு அலுவலுக்கும் வாயிலாக நுழைவுத் தேர்வே விளங்கியதால், இரண்டாம் கிளை வேரூன்றவில்லை.

1917இல் மைக்கேல் சாட்லர் தலைமையில் அமைந்த கல்கத்தாப் பல்கலைக்கழக ஆணைக்குழு, 1919இல் 13 தொகுதிகள் கொண்ட அறிக்கையை அளித்தது. அசுதோஷ் முகர்ஜி அதன் உறுப்பினருள் ஒருவர். மெட்ரிகுலேஷன் தேறியோர் பல்கலைக்கழகக் கல்விக்குப் போதிய ஆயத்தம் பெறவில்லை என்றும், பள்ளிக்கும் பல்கலைக்கழகத்திற்கும் இடையிலான எல்லை இடைநிலை வகுப்பின் முடிவில் அமைய வேண்டும் என்றும் அக்குழு கருதியது. உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலமும் கணிதமும் நீங்கலான பாடங்களுக்குத் தாய்மொழியே ஊடகமாக வேண்டும் என்பதும் அதன் பரிந்துரை. தகுதியின் எல்லையும் பயிற்றுமொழியும் ஒரே அறிக்கையில் ஒருசேர ஆராயப்பட்டமை இங்குக் கருதத்தக்கது.

சொல் முன்னர், தேர்வு பின்னர்

இப்பரிந்துரை செயலுக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த இடைவெளியில் நடந்த மொழிப்பணி, மொழியியலார் ஊன்றி நோக்கத்தக்கது. 1930களில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அறிவியல் கலைச்சொற்களைத் தொகுத்துப் பட்டியல்களாக வெளியிட்டது. 1935இல் ராஜசேகர் பாசு தலைமையில் எழுத்துமுறைக் குழு ஒன்றை அமைத்து, 1936இல் வங்காள எழுத்துமுறை விதிகளை வெளியிட்டது. 1937இல் இரவீந்திரநாத் தாகூர் அப்பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் வங்காளத்தில் உரையாற்றினார். இவற்றின் பின்னரே, 1940ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் பெரும்பாலான பாடங்களுக்குத் தாய்மொழி ஊடகமாயிற்று. சொற்களும் எழுத்துமுறையும் முதலில் ஒழுங்கு பெற்றன. தேர்வின் மொழி அதன்பின் மாறியது.

தமிழகத்திலும் ஏறத்தாழ இதே காலத்தில் இதே வரிசை காணப்படுகிறது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் 1936இல் சொல்லாக்க மாநாடு கூடியது. 1938இல் ‘கலைச்சொற்கள்’ என்னும் தொகுப்பு வெளிவந்தது. உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ் பயிற்றுமொழியாக இடம்பெற்ற காலமும் அதுவே.

ஆயினும் கொல்கத்தாவில் ஒரு குறை எஞ்சியது. பள்ளியின் மொழி மாறிய பின்னும் கல்லூரியின் மொழி ஆங்கிலமாகவே நீடித்தது. முன்னர்ப் பள்ளிக்குள் இருந்த மொழி இடைவெளி, கல்லூரி வாயிலுக்கு இடம்பெயர்ந்தது, மறையவில்லை.

மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வும்

1951இல் மேற்கு வங்காள இடைநிலைக் கல்வி வாரியம் செயற்படத் தொடங்கியது; பள்ளி இறுதித் தேர்வு பல்கலைக்கழகத்தின் கையிலிருந்து அதனிடம் சென்றது. 1975இல் மேல்நிலைக் கல்விக்கெனத் தனி மன்றம் உருவாயிற்று. பொறியியல் முதலிய தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு வாரியம் 1962இலேயே தோன்றியிருந்தது. இவ்வாறு, கற்றதை அளக்கும் அமைப்பும் தகுதியை அளக்கும் அமைப்பும் வேறு வேறாயின.

இப்பிரிவின் விளைவை 2018இல் யாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் காணலாம். வங்காளம், ஒப்பிலக்கியம், ஆங்கிலம், வரலாறு, தத்துவம், அரசறிவியல் ஆகிய ஆறு கலைப்பாடங்களுக்கான நுழைவுத் தேர்வைக் கைவிட்டு, பள்ளி மதிப்பெண்ணைக் கொண்டே மாணவரைச் சேர்ப்பதென அவ்வாண்டு ஜூலையில் பல்கலைக்கழகம் முடிவெடுத்தது. மாணவர் உண்ணாநோன்பு இருந்தனர். சில நாட்களிலேயே நுழைவுத் தேர்வு மீண்டது. அதற்கும் பள்ளி மதிப்பெண்ணுக்கும் சம பங்கு என முடிவாயிற்று. இலக்கியம் பயிலும் தகுதியைப் பள்ளி மதிப்பெண் காட்டுமா என்பதே இப்பூசலின் கரு.

2024-25 கல்வியாண்டில் மேல்நிலைக் கல்வி மன்றம் பதினோராம் வகுப்பில் பருவமுறையைப் புகுத்தியது. இதன்படி முதல், மூன்றாம் பருவத் தேர்வுகள் பலவுள் தெரிவு வினாக்களால் அமைவன. இரண்டாம், நான்காம் பருவத் தேர்வுகள் எழுதி விடையளிக்கும் வினாக்களால் அமைவன. போட்டித் தேர்வின் வடிவமும் கல்லூரித் தேர்வின் வடிவமும் ஒரே சான்றிதழுக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. வடிவத்தில் இயைபு காணும் முயற்சி இது. மொழியில் இயைபு காண்பது இன்னும் தனியே செய்ய வேண்டிய பணியாகவே உள்ளது.

பெயர்க்கப்பட்ட வினாத்தாள்

மருத்துவப் படிப்புக்கான தேசியத் தகுதி மற்றும் நுழைவுத் தேர்வு (நீட்) 2017இல் பத்து மொழிகளில் நடைபெற்றது. வங்காள வினாத்தாளின் வினாக்கள் ஆங்கில வினாத்தாளின் வினாக்களிலிருந்து வேறுபட்டவை, கடினமானவை என்னும் குற்றச்சாட்டு மேற்கு வங்காளத்தில் எழுந்தது. அடுத்த ஆண்டு எல்லா மொழியினருக்கும் ஒரே வினாத்தாள் மொழிபெயர்த்து வழங்கப்பட்டது. அப்போது சிக்கல் தமிழில் வெளிப்பட்டது. 180 வினாக்களுள் 49இல் தமிழ் மொழிபெயர்ப்புப் பிழையானது என மாநிலங்களவை உறுப்பினர் டி.கே. ரங்கராஜன் வழக்குத் தொடுத்தார். வினாவுக்கு நான்காக 196 மதிப்பெண் வழங்க வேண்டும் எனச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018 ஜூலை 10இல் ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் அம்மாதமே அதற்குத் தடை விதித்து, நவம்பரில் அவ்வாணையை நீக்கியது.

வேறு வினாக்கள் தருவது ஒப்பீட்டைக் குலைக்கிறது. ஒரே வினாவைப் பிழையாகப் பெயர்ப்பதும் அதையே செய்கிறது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே முடிவானது என்னும் விதியும் இத்தேர்வில் உண்டு. இவ்விதி தேர்வு நடத்துவோருக்குப் பாதுகாப்பு. தமிழிலோ வங்காளத்திலோ மட்டும் படித்த மாணவருக்கோ, தாம் படித்தறியாத மொழியில் பிழை திருத்திக்கொள்ளும் சுமை.

சொல்லும் தொடரும்

வினாத்தாள் மொழிபெயர்ப்பில் முதற்சிக்கல் சொல். இயற்பியலில் ‘வேகம்’ என்பதற்கு இணையான ‘வேக’ என்னும் சொல், வங்காளப் பாடநூல்களில் திசையுடன் கூடிய வேகத்தைக் குறிக்கும்; திசை கருதா வேகத்திற்கு அங்கு ‘த்ருதி’ என்னும் வேறு சொல் உண்டு. தமிழ்ப் பாடநூல்களிலோ ‘வேகம்’ திசை கருதாதது. திசையுடன் கூடியது ‘திசைவேகம்’. ஆகவே கலைச்சொல்லின் பொருள் வேரில் இல்லை; அது பயிலும் பாடநூலில் உள்ளது. பாடநூலை நோக்காமல் அகராதியை மட்டும் நோக்கிப் பெயர்ப்பவர் பிழைபட இடமுண்டு.

அடுத்தது தொடரமைப்பு. வங்காளத்தில் ‘எது... அது’ என்னும் இணைப்புத் தொடர் இயல்பாதலின், ஆங்கில வினாவின் பின்வரும் அடைத்தொடரை ஓரளவு அதே வரிசையில் அமைக்க இயலும். தமிழில் அடைகள் பெயரெச்சங்களாகிப் பெயருக்கு முன் குவிகின்றன. ‘ஒளி படும்போது நிறம் மாறுகின்ற, நீரில் கரையாத வெள்ளியின் சேர்மம் எது?’ என்னும் வினாவில், கரையாதது வெள்ளியா சேர்மமா என மாணவர் ஒரு கணம் மயங்கக்கூடும். ‘வெள்ளியின் சேர்மம் ஒன்று நீரில் கரைவதில்லை, ஒளி படும்போது அதன் நிறம் மாறுகிறது. அச்சேர்மம் எது?’ எனப் பிரித்தால் மயக்கம் நீங்கும். நிமிடத்தைக் கணக்கிட்டு விடையளிக்கும் தேர்வில் இக்கணத்திற்கு மதிப்பு உண்டு.

மூன்றாவது ஏவற்சொல். ‘கூறுக’, ‘விளக்குக’, ‘வேறுபடுத்துக’, ‘நிறுவுக’, ‘மதிப்பிடுக’ ஆகியன வெவ்வேறு அறிவுச் செயல்களைக் கோருவன. பள்ளித் தேர்வில் ‘விளக்குக’ என்பது மனப்பாடத்தை எழுதுக என்னும் பொருளில் பழகிவிட்டால், கல்லூரியில் அதே சொல் காரணம் காட்டுமாறு கோரும்போது மாணவர் இடர்ப்படுவர்.

முடிவுரை

பள்ளித் தேர்வைக் கல்லூரித் தகுதியோடு இயைப்பது பாடப்பகுதிகளைப் பொருத்துவதால் மட்டும் நிறைவுறாது. பள்ளிப் பாடநூல், நுழைவுத் தேர்வு, கல்லூரிப் பாடம் ஆகிய மூன்றுக்கும் பொதுவான கலைச்சொற் பட்டியல் வேண்டும். வினா ஆங்கிலத்தில் முடிந்த பின் பெயர்க்கப்படாமல், இரு மொழியிலும் ஒருங்கே உருவாக வேண்டும். ஒரு மொழியில் தெளிவுறாத தொடர் மூலத்திலும் திருத்தப்பட வேண்டும். பெயர்த்த வினாவை அம்மொழியில் பாடம் நடத்தும் ஆசிரியர், ஆங்கில மூலத்தைக் காணாமல் படித்து விடையளித்துச் சரிபார்க்க வேண்டும். 1930களில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் தேர்வின் மொழியை மாற்றுமுன் மொழியை ஆயத்தம் செய்தது. 2018இன் தமிழ் வினாத்தாளைப் பற்றிய வழக்கு, தேர்வு முடிந்த பின் நீதிமன்றத்தில் அப்பணியைச் செய்ய இயலாது என்பதை உணர்த்துகிறது. மொழிபெயர்ப்பாளரின் இடம் தேர்வுப் பணியின் கடைசியில் அன்று; வினா பிறக்கும் இடத்திலேயே ஆகும்.