பொதுக் கோப்புறைக்கும் பூட்டு வேண்டும்

கண்டி மாநகரின் துப்புரவுப் பணியைத் தலைமுறைகளாகச் சுமந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதி மஹய்யாவ. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தை இந்நாட்டில் பிறந்ததற்குச் சான்று கேட்டு இந்திய வம்சாவளியினரைத் திகைக்க வைத்தது. ஒரு பிறப்புச் சான்றிதழின் பெறுமதியை இம்மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இன்று இத்தகைய சான்றிதழ்களின் பிரதிகளைச் சங்கங்களும் மன்றங்களும் கணினியில் சேமித்து, பல மேசைகளிலிருந்தும் பார்க்கத்தக்க பொதுக் கோப்புறையில் வைக்க முடிகிறது. வசதிதான். ஆனால் அக்கோப்புறை யாவருக்கும் திறந்து கிடந்தால், ஒருவரின் கைத்தவறு ஊரார் அனைவரின் ஆவணத்தையும் அழித்துவிடும்.

பழைய விண்டோஸ் 98இல் கோப்புறைக்கே ஒரு கடவுச்சொல் இட முடிந்தது. பலர் அறிந்த இரகசியம் இரகசியமாக நிலைப்பதில்லை. இன்றைய விண்டோஸ் முறையில் பூட்டு கோப்புறைக்கன்று. நுழைபவரின் அடையாளமே திறவுகோல்.

எனவே கோப்பு வழங்கியில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் தனிக் கடவுச்சொல்லும் முதலில் அமைக்க வேண்டும். 'கடவுச்சொல் பாதுகாப்புடன் பகிர்தல்' என்ற அமைப்பு இயங்குகிறதா எனப் பார்க்க வேண்டும். அடுத்து, பகிர்வு அனுமதிப் பட்டியலிலிருந்து 'அனைவரும்' என்பதை நீக்கி, உரியவர்களை மட்டும் சேர்க்க வேண்டும். கோப்புறையின் பாதுகாப்புப் பகுதியிலும் அனுமதிகளை வரையறுக்க வேண்டும். இவ்விரண்டில் எது கடுமையானதோ அதுவே வலையமைப்பு வழி வருவோருக்குச் செல்லும். பார்த்தால் போதுமானவர்க்கு வாசிக்கும் உரிமை மட்டும் தருக. பணியிலிருந்து விலகியவரின் கணக்கை அன்றே முடக்குக.

பழைய எஸ்.எம்.பி. முதற்பதிப்பையும் நிறுத்திவிட வேண்டும். 2017 மே மாதம் உலகை உலுக்கிய வன்னகிரை தீநிரல் அவ்வழியேதான் கணினிக்குக் கணினி தாவியது.

எனினும் பூட்டு மட்டும் போதாது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் கட்டமைப்பு தாக்கப்பட்டபோது, மூன்று மாதங்களுக்கும் மேற்பட்ட தரவுகள் மீட்பதற்குப் பிரதியின்றி அழிந்தன. அரசுக்கே இக்கதியெனில், சிறு சங்கம் எம்மாத்திரம்? ஆகவே வாரந்தோறும் ஒரு பிரதி எடுத்து, கணினியோடு இணைக்காமல் வேறிடத்தில் வைப்பது நன்று.

ஏழை எளியவர் நம்பி ஒப்படைத்த காகிதம் அடைக்கலப் பொருளாகும். அதைக் காப்பது தொழில்நுட்பம் அறிந்தவரின் பணி மட்டுமன்று. பொறுப்பேற்ற ஒவ்வொருவரின் கடமையுமாகும்.