சொல்லாததைச் சொல்ல வைக்கும் தொழில்நுட்பமும் சிங்கப்பூரின் தேர்தல் சட்டமும்

ஒருவர் சொல்லாத வார்த்தையை அவருடைய வாயாலேயே சொல்ல வைக்க முடியுமா? இன்று முடியும். ஒருவருடைய பேச்சுப் பதிவும் சில படங்களும் கிடைத்தால் போதும். செயற்கை நுண்ணறிவுச் செயலி அவருடைய குரலையும் முகத்தையும் உருவாக்கிக் கொடுத்துவிடுகிறது. இத்தகைய பதிவுகளை ‘டீப்ஃபேக்’ என்கிறார்கள். நாம் போலிப் பதிவு என்றே சொல்லலாம்.

இது தேர்தல் நேரத்தில் வந்தால் என்ன ஆகும்? 2023 செப்டம்பரில் ஸ்லோவாக்கியா நாட்டில் வாக்களிப்புக்கு இரண்டு நாட்களுக்கு முன்பு ஓர் ஒலிப்பதிவு பரவியது. ஒரு முக்கியக் கட்சித் தலைவர் தேர்தல் மோசடி பற்றிப் பேசுவதுபோல் அது அமைந்திருந்தது. அவர் உடனே மறுத்தார். ஆனால் அது பிரசாரத்துக்கு ஓய்வு விடப்பட்ட நேரம். பொய் பரவிய வேகத்தில் மறுப்பு பரவ வழியில்லை. சிங்கப்பூரிலும் வாக்களிப்புக்கு முதல் நாள் பிரசார ஓய்வு நாள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு முழுவதையும் ஒரே சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது ஐரோப்பிய ஒன்றியம். அச்சட்டம் 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. சிங்கப்பூர் வேறு வழியில் செல்கிறது. நிறுவனங்கள் தாமாக முன்வந்து பின்பற்றுவதற்கான வழிகாட்டி நெறிமுறைகளை 2019லேயே வெளியிட்டது. எந்த இடத்தில் தீங்கு தெளிவாகத் தெரிகிறதோ அந்த இடத்துக்கு மட்டும் தனிச் சட்டம் இயற்றுகிறது. கத்தியைத் தடை செய்யாமல், கத்தியால் குத்துவதைக் குற்றமாக்குவது போன்றது இது.

அப்படி வந்ததுதான் 2024 அக்டோபர் 15ஆம் தேதி நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேர்தல் சட்டத் திருத்தம். ஒரு பதிவு தடைக்கு உட்பட நான்கு அம்சங்கள் பொருந்த வேண்டும். முதலாவது, அது வேட்பாளர் ஒருவரைக் காட்டும் இணையத் தேர்தல் விளம்பரமாக இருக்க வேண்டும். இரண்டாவது, அது கணினி மூலம் உருவாக்கப்பட்டதாகவோ மாற்றப்பட்டதாகவோ இருக்க வேண்டும். மூன்றாவது, வேட்பாளர் சொல்லாததை, செய்யாததை அது காட்ட வேண்டும். நான்காவது, மக்களில் சிலராவது நம்பும் அளவுக்கு அது தத்ரூபமாக இருக்க வேண்டும்.

வேட்பாளரைப் பழிப்பது மட்டுமல்ல, புகழ்ந்து உயர்த்தும் போலிப் பதிவும் குற்றமே. அதைப் பகிர்வதும் குற்றம்தான். கேலிச்சித்திரங்களுக்கும் முகத்தை அழகாக்கிக் காட்டும் வசதிகளுக்கும் இந்தத் தடை கிடையாது.

பாதிக்கப்பட்ட வேட்பாளர் தேர்தல் அதிகாரியிடம் முறையிடலாம். அது பொய்ப் பதிவு என்று அவர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் அபராதமும் விதிக்கப்படலாம், பதவியும் பறிபோகலாம். பதிவை நீக்கும்படி தேர்தல் அதிகாரி உத்தரவிடலாம். அதற்கு இணங்காத சமூக ஊடக நிறுவனத்துக்கு 1 மில்லியன் வெள்ளி வரை அபராதம். மற்றவர்களுக்கு 1,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதங்கள் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

தேர்தல் ஆணை பிறப்பிக்கப்பட்டதிலிருந்து வாக்களிப்பு முடியும்வரைதான் இந்தத் தடை. 2025 பொதுத்தேர்தலில் ஏப்ரல் 15 முதல் மே 3 வரை இது முதன்முறையாக நடப்பில் இருந்தது.

அப்படியானால் மற்ற நாட்களில்? வேட்பாளர் அல்லாத சாதாரண மக்களுக்கு? இந்தக் கேள்வி நியாயமானது. 2025 நவம்பரில் நிறைவேறிய இணையப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஓரளவு பதில் சொல்கிறது. இணையத் தொல்லைக்கு ஆளானவர்கள் முறையிட ஓர் ஆணையம் அமைக்க அது வழிசெய்கிறது. ஒருவரின் உருவத்தையோ குரலையோ போலியாக உருவாக்கித் தீங்கு செய்வதும் அந்தச் சட்டத்தில் இடம்பெறுகிறது.

ஆனாலும் சட்டம் நுழையாத ஓர் இடம் இருக்கிறது. குடும்பத்தினரும் நெருங்கிய நண்பர்களும் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் தகவல்கள் தேர்தல் தடைக்கு அப்பாற்பட்டவை. வீட்டுக்குள் நடக்கும் பேச்சில் அரசாங்கம் தலையிடக்கூடாது என்பது சரியே. ஆனால், பலரும் பொய்யை நம்புவது அங்கேதான். மாமா அனுப்பினார், அக்கா அனுப்பினார் என்றால் நாம் சந்தேகப்படுவதில்லை.

ஆகவே அந்த இடத்தில் காவல் நிற்க வேண்டியவர்கள் நாம்தான். பரபரப்பான பதிவு வந்தால், அந்த வேட்பாளரின் அதிகாரபூர்வப் பக்கத்தில் அது இருக்கிறதா, செய்தித்தாளில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியவர் வயதில் மூத்தவர் என்றாலும், “இது உண்மைதானா, பார்த்தீர்களா?” என்று மரியாதையோடு கேட்பதில் தவறில்லை.