ஞாயிறு அடித்த டை, செவ்வாய் வீங்கிய முகம்

தோல் சொல்லும் கதை - 9

சென்ற வாரம் பார்த்த காணாக்கடி உடனே தடித்து, சில மணி நேரத்தில் அடங்கிவிடும். இந்த வாரம் பார்க்கப்போவது நிதானமாக வந்து, நாள்கணக்கில் தங்குவது.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், பன்னிரண்டு வருஷமாகத் தலைக்கு டை அடிப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அடித்தார். அன்றைக்கு ஒன்றுமில்லை. திங்கள் ராத்திரி காதோரம் நமநமவென்று அரிப்பு. செவ்வாய் விடியும்போது இமைகள் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. காது மடலுக்குப் பின்னால் பொடிப்பொடியாகக் கொப்புளம் கட்டி நீர் வடிந்தது. பழி விழுந்ததோ, திங்கள் மத்தியானம் வைத்த கத்தரிக்காய்க் கருவாட்டுக் குழம்பின் மேல்!

"டை அடிச்சது ஞாயித்துக்கிழமைங்க. அதுவும் பன்னெண்டு வருஷமா அதே டைதானே?" என்றார் என்னிடம். நியாயமான கேள்விதான்.

டையில் இருக்கும் பி.பி.டி. என்ற ரசாயனம் மிகச் சிறிய மூலக்கூறு. தனியாக வந்தால் நோய் எதிர்ப்பு அணுக்கள் அதைக் கண்டுகொள்ளாது. தோலுக்குள் இறங்கி, நம் சொந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் அந்நியமாகத் தெரியும். மேல்தோலில் கிளை விரித்திருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் அதை நிணநீர்க் கணுவுக்கு எடுத்துப் போகும். (1868-ல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் இவற்றைக் கண்டபோது நரம்பு செல் என்றே நினைத்தார்.) அங்கே அதை அடையாளம் காணும் டி செல்கள் பத்துப் பதினைந்து நாளில் பெருகி, அந்த நினைவோடு உடலெங்கும் திரியும். இது முதல் தடவையிலும் நடக்கலாம், நூறாவது தடவையிலும் நடக்கலாம். வெளியே ஒன்றுமே தெரியாது.

அதற்கடுத்த தடவை டை பட்டதும் அந்த டி செல்கள் தோலில் வந்து கூடி, மற்ற அணுக்களையும் அழைத்து, வீக்கம் கிளம்ப ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். காசநோய்ச் சோதனைக்காக மாண்டு ஊசி போட்ட கையை 48 முதல் 72 மணி நேரம் கழித்துப் பார்ப்பதும் இதனால்தான்.

குற்றவாளி ரத்த நீரில் இல்லை, செல்களில்தான் என்று 1942-ல் காட்டியவர்கள் நியூயார்க்கின் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் மெரில் சேஸும். ஒவ்வாமை வந்த கினிப்பன்றியின் வெள்ளணுக்களை வேறொன்றுக்குச் செலுத்தினார்கள். ஒவ்வாமையும் கூடவே போனது.

பெரியவருக்கு அலர்ஜி மாத்திரை பலிக்காததும் இதனால்தான். அது தடுக்கும் ஹிஸ்டமினுக்கு இங்கே பெரிய வேலை இல்லை. பிறகு தோல் மருத்துவர் முதுகில் ஒட்டிப் பார்த்த பட்டைகளில், பி.பி.டி. இருந்த இடம் மட்டும் சிவந்து தடித்தது.

அரிப்பு வந்தால் அன்றைய சாப்பாட்டை மட்டும் யோசிக்காதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு முன் தோலில் பட்டது என்ன என்று எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். கல்யாண வீட்டில் குழந்தையின் கையில் கருப்பு மருதாணி வைக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அசல் மருதாணி சிவக்கும், கறுக்காது. அந்தக் கருப்புக்குப் பெரும்பாலும் பி.பி.டி.தான் காரணம்.

(தொடரும்)