ஆஸ்திரேலியா - நியூசிலாந்து நெருங்கிய பொருளாதார உறவு உடன்பாடு

ஆஸ்திரேலியா - நியூசிலாந்து நெருங்கிய பொருளாதார உறவு உடன்பாடு என்பது டாஸ்மான் கடலின் இரு கரைகளிலும் அமைந்துள்ள இவ்விரு நாடுகளுக்கும் இடையிலான தடையற்ற வணிக உடன்பாடு ஆகும். இது 1 ஜனவரி 1983 அன்று நடைமுறைக்கு வந்தது. இறக்குமதி வரிகளை நீக்குவதில் தொடங்கிய இந்த உடன்பாடு, பின்னர் இரு நாடுகளின் வணிகச் சட்டங்களையும் ஒன்றோடொன்று இசைவாக்கும் முயற்சியாக விரிந்தது. இரு நாடுகளுக்கும் மேலான பொது நாடாளுமன்றமோ, பொது நீதிமன்றமோ, பொது நாணயமோ இன்றி இந்த இசைவு ஏற்படுத்தப்பட்டமை இதன் சிறப்பியல்பு ஆகும்.

பின்னணி

1901இல் ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள் ஒரு கூட்டாட்சியாக இணைந்தபோது நியூசிலாந்து அதில் சேராமல் தனித்து நின்றது. ஆயினும் ஆஸ்திரேலிய அரசியலமைப்பில் மாநிலங்களாக அமையக்கூடியவற்றைக் குறிப்பிடும் பகுதியில் நியூசிலாந்தின் பெயர் இன்றும் உள்ளது.

1965இல் இரு நாடுகளும் ஒரு தடையற்ற வணிக உடன்பாட்டைச் செய்துகொண்டன. ஆனால் பட்டியலில் சேர்க்கப்பட்ட பொருட்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. ஒவ்வொரு பொருளையும் சேர்ப்பதற்குத் தனித்தனியே பேச்சு நடத்த வேண்டியிருந்ததால் முன்னேற்றம் மெதுவாகவே இருந்தது. 1973இல் பிரித்தானியா ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் இணைந்தது. நியூசிலாந்தின் வெண்ணெய், இறைச்சி ஆகியவற்றிற்கு நெடுங்காலம் உறுதியாக இருந்த சந்தை இதனால் சுருங்கத் தொடங்கியது. புதிய சந்தைகளைத் தேடுவது அந்நாட்டிற்குக் கட்டாயமாயிற்று.

ஆஸ்திரேலியத் துணைப் பிரதமர் டக் அந்தோனியும் நியூசிலாந்துத் துணைப் பிரதமர் பிரையன் டால்பாய்சும் புதிய உடன்பாட்டிற்கான முயற்சிகளை முன்னெடுத்தனர். 1980இல் பிரதமர்கள் மால்கம் பிரேசரும் ராபர்ட் மல்டூனும் பேச்சுகளை முறைப்படி தொடங்கிவைத்தனர். 28 மார்ச் 1983 அன்று கான்பராவில் உடன்பாடு கையெழுத்தானது.

பொருட்களும் சேவைகளும்

முந்தைய பட்டியல் முறை இப்போது தலைகீழாக மாற்றப்பட்டது. விலக்கப்பட்டவை தவிர அனைத்துப் பொருட்களும் உடன்பாட்டிற்குள் அடங்கின. இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் 1995 வரை படிப்படியாக நீக்கப்படுவதாக இருந்தது. 1988இல் நடந்த மீளாய்வு இக்கால எல்லையைச் சுருக்கியது. அதன்படி 1 ஜூலை 1990 முதல், இரு நாடுகளிலும் உருவான பொருட்களுக்கு இடையே வரியும் அளவுக் கட்டுப்பாடும் இல்லை. அதே மீளாய்வின் பயனாகச் சேவை வணிகத்திற்கான துணை உடன்பாடு ஒன்றும் உருவாகி 1989இல் நடைமுறைக்கு வந்தது.

இது ஒரு சுங்க ஒன்றியம் அன்று. பிற நாடுகளின் பொருட்கள் மீதான வரியை இரு நாடுகளும் தனித்தனியே முடிவு செய்கின்றன. எடுத்துக்காட்டாக, சீனாவுடன் நியூசிலாந்து 2008இலும் ஆஸ்திரேலியா 2015இலும் தனித்தனியே வணிக உடன்பாடு செய்துகொண்டன. எனவே ஒரு பொருள் உண்மையில் எந்த நாட்டில் உருவானது என்பதைத் தீர்மானிக்கும் விதிகள் இன்றும் தேவைப்படுகின்றன.

வணிகச் சட்ட ஒருங்கிணைப்பு

வரி நீங்கினாலும் வணிகத்திற்கான தடைகள் அனைத்தும் நீங்கிவிடுவதில்லை. இரு நாடுகளிலும் பொருட்களின் தர விதிகளும் தொழில்புரிவதற்கான உரிமங்களும் வேறுபட்டால், வரியில்லாத சந்தையிலும் விற்பனையாளருக்குச் செலவு கூடும். இதை உணர்ந்து 1988இல் வணிகச் சட்டங்களை ஒத்திசைவாக்குவதற்கான புரிந்துணர்வு உடன்பாடு ஒன்று செய்யப்பட்டது. 2000இல் அதன் இடத்தில் வந்த புதிய உடன்பாட்டின் தலைப்பில் 'ஒத்திசைவாக்கம்' என்பதற்குப் பதிலாக 'ஒருங்கிணைப்பு' என்ற சொல் இடம்பெற்றது. சட்டங்கள் ஒரே வாசகத்தில் இருக்கத் தேவையில்லை, அவை இணைந்து இயங்கினால் போதும் என்ற அணுகுமுறையை இம்மாற்றம் காட்டுகிறது. இவ்வுடன்பாடு 2006இலும் 2010இலும் புதுப்பிக்கப்பட்டது.

பொருள் குவிப்பும் போட்டிச் சட்டமும்

ஒரு நிறுவனம் தன் நாட்டில் விற்கும் விலையை விடக் குறைந்த விலைக்கு வெளிநாட்டில் விற்பது பொருள் குவிப்பு எனப்படும். இதற்கு எதிராக இறக்குமதி செய்யும் நாடு கூடுதல் வரி விதிக்கலாம். ஆனால் சிட்னி நிறுவனம் பெர்த் நகரில் மலிவாக விற்றால் அது பொருள் குவிப்பாகக் கருதப்படுவதில்லை. இரண்டும் ஒரே சந்தையைச் சேர்ந்தவை என்பதே காரணம். இதே தர்க்கத்தை இரு நாடுகளும் தமக்கிடையே பின்பற்றி, 1990இல் ஒன்றின் பொருட்கள் மீது மற்றொன்று பொருள் குவிப்பு வரி விதிப்பதைக் கைவிட்டன. அதற்கு மாற்றாக, சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் போட்டிச் சட்டப் பிரிவுகள் இரு நாடுகளையும் உள்ளடக்கிய சந்தைக்கு விரிவாக்கப்பட்டன. இத்தகைய வழக்குகளில் ஒரு நாட்டின் நீதிமன்றம் மற்ற நாட்டில் அமர்ந்து விசாரிக்கவும் வழிசெய்யப்பட்டது.

பரஸ்பர அங்கீகாரம்

1996இல் கையெழுத்தாகி 1 மே 1998 அன்று நடைமுறைக்கு வந்த பரஸ்பர அங்கீகார ஏற்பாடு இரண்டு எளிய விதிகளைக் கொண்டது.

1. ஒரு நாட்டில் சட்டப்படி விற்கத்தக்க பொருளை, மற்ற நாட்டின் தனித் தர விதிகளை நிறைவு செய்யாமலேயே அங்கும் விற்கலாம்.
2. ஒரு நாட்டில் ஒரு தொழிலுக்குப் பதிவு பெற்றவர், மற்ற நாட்டில் அதற்கு இணையான தொழிலில் பதிவு பெற உரிமையுடையவர்.

எடுத்துக்காட்டாக, நியூசிலாந்தில் பதிவு பெற்ற செவிலியர் ஆஸ்திரேலியாவில் மீண்டும் தகுதித் தேர்வு எழுத வேண்டியதில்லை. எனினும் மருத்துவர்கள் இந்த ஏற்பாட்டில் அடங்கார். பொருட்களிலும் சில விலக்குகள் உண்டு.

உணவுப் பொருட்களுக்கு வேறு வழி பின்பற்றப்பட்டது. 1995இல் செய்யப்பட்ட உடன்பாட்டின்படி இரு நாடுகளுக்கும் பொதுவான உணவுத் தர அமைப்பு உருவாக்கப்பட்டது. குறிப்பிட்ட தரவிதி தனக்குப் பொருந்தாது எனக் கருதினால் நியூசிலாந்து அதிலிருந்து விலகி நிற்கலாம்.

நீதிமன்ற நடவடிக்கைகள்

ஆக்லாந்தில் உள்ள ஒருவர் பிரிஸ்பேனில் உள்ள ஒருவருக்கு இயந்திரம் விற்று, பணம் வரவில்லை என்று கொள்வோம். ஆக்லாந்து நீதிமன்றத்தில் வழக்கு வென்றாலும், பிரிஸ்பேனில் அத்தீர்ப்பை நிறைவேற்ற முடியாவிட்டால் வெற்றியால் பயனில்லை. சிறு வணிகர்களை இச்சிக்கலே பெரிதும் தயங்க வைக்கிறது. 2008இல் கிறைஸ்ட்சர்ச் நகரில் கையெழுத்தான நீதிமன்ற நடவடிக்கைகள் உடன்பாடு இதற்குத் தீர்வு தந்தது. இதற்கான சட்டங்கள் 11 அக்டோபர் 2013 முதல் நடைமுறையில் உள்ளன. இவற்றின்படி:

* ஒரு நாட்டில் தொடுக்கப்பட்ட வழக்கின் ஆவணங்களை மற்ற நாட்டில் உள்ளவரிடம் நேரடியாகச் சேர்ப்பிக்கலாம்.
* நீதிமன்றம் இசைந்தால் காணொளி வழியாக முன்னிலையாகலாம்.
* தீர்ப்பை ஆறு ஆண்டுகளுக்குள் மற்ற நாட்டில் பதிவு செய்து, அந்நாட்டுத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றிக்கொள்ளலாம். பொதுக் கொள்கைக்கு முரணானது என்பது போன்ற மிகச் சில காரணங்களுக்காகவே இதை மறுக்க இயலும்.

புளூ ஸ்கை வழக்கு

ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிகள் குறிப்பிட்ட அளவு உள்நாட்டு நிகழ்ச்சிகளை ஒளிபரப்ப வேண்டும் என்ற தரவிதி 1996இல் நடைமுறைக்கு வந்தது. நியூசிலாந்துத் திரைத்துறையைச் சார்ந்த 'புராஜெக்ட் புளூ ஸ்கை' என்னும் அமைப்பும் பிறரும் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். ஒளிபரப்பு ஆணையம் நாட்டின் பன்னாட்டு உடன்பாடுகளுக்கு இணங்கவே செயல்பட வேண்டும் என்று ஆஸ்திரேலியச் சட்டமே கூறியிருந்தது. சேவை வணிகத் துணை உடன்பாடோ நியூசிலாந்தினரை ஆஸ்திரேலியரைப் போலவே நடத்தக் கோரியது. 1998இல் அந்நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம், தரவிதியின் அப்பகுதி சட்டத்திற்கு மாறாக உருவாக்கப்பட்டது எனத் தீர்ப்பளித்தது. பின்னர் நியூசிலாந்து நிகழ்ச்சிகளையும் கணக்கில் கொள்ளும் வகையில் தரவிதி திருத்தப்பட்டது. இரு அரசுகளுக்கு இடையிலான உடன்பாடு உள்நாட்டுச் சட்டத்தின் வழியாகத் தனியாருக்கும் பயன்படக்கூடும் என்பதற்கு இவ்வழக்கு சான்றாகும்.

வரம்புகள்

இந்த உடன்பாட்டில் கட்டுப்படுத்தும் ஆற்றலுள்ள தகராறு தீர்ப்பு முறை இல்லை; கருத்து வேறுபாடு எழுந்தால் கலந்து பேச வேண்டும் என்பதே ஏற்பாடு. ஆப்பிள் பிணக்கில் இக்குறை வெளிப்பட்டது. மரங்களைத் தாக்கும் ஒரு பாக்டீரியா நோயைக் காரணம் காட்டி, 1921இல் நியூசிலாந்து ஆப்பிளை ஆஸ்திரேலியா தடை செய்தது. நெருங்கிய பொருளாதார உறவு ஏற்பட்ட பின்னரும் தடை நீங்கவில்லை. இறுதியில் நியூசிலாந்து 2007இல் உலக வணிக அமைப்பை நாடியது. 2010இல் தீர்ப்பு அதற்குச் சாதகமாக வந்தது. 2011இல், ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பின், நியூசிலாந்து ஆப்பிள் மீண்டும் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றது.

மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தப் பொது முகமை ஒன்றை நிறுவ 2003இல் உடன்பாடு செய்யப்பட்டது. நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் போதிய ஆதரவு கிட்டாததால் 2007இல் பணி நிறுத்திவைக்கப்பட்டது. 2011இல் மீண்டும் தொடங்கிய முயற்சியை 2014இல் இரு அரசுகளும் கைவிட்டன. ஒன்றன் விதியை மற்றொன்று ஏற்பதில் வெற்றி கண்ட இரு நாடுகளும், விதி வகுக்கும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வதில் தயக்கம் காட்டின. மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்து மடங்கு பெரிய அண்டை நாட்டுடன் பொது அமைப்பில் அமரும்போது தன் குரல் எடுபடுமா என்பது நியூசிலாந்தின் முன் தொடர்ந்து நிற்கும் கேள்வியாகும்.