உயர் குருதியமுக்கமும் அதற்குரிய மருந்துகளும்

கல்லூரித் தோழர் ஒன்றுகூடுமிடத்து முன்னாளிலே பரீட்சையையும் பந்தாட்டத்தையும் பற்றிப் பேசினோம். இந்நாளிலே 'பிறஷர்' பற்றிப் பேசுகின்றோம். அப்பேச்சிடையே அடிக்கடி எழும் வாசகம் ஒன்றுண்டு: "எனக்கு இப்போது ஒரு வருத்தமுமில்லை, குளிசையை நிறுத்திவிட்டேன்." இவ்வாறு கூறிய எம் வகுப்புத் தோழர் ஒருவர், திருகோணமலைத் துறைமுகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர், இன்று பாரிசவாதத்தால் வலக்கை வழங்காது படுக்கையிலிருக்கின்றார். அதுவே இதனை எழுத எம்மைத் தூண்டியது.

இதயம் உந்தும் குருதி நாடிகளின் சுவரைத் தாக்கும் விசையே குருதியமுக்கம். இதயம் சுருங்குங்கால் உள்ள அளவு மேலெண். தளருங்கால் உள்ளது கீழெண். வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேலெண் 140 இற்கோ கீழெண் 90 இற்கோ குறையாது நிற்பின், அதனை உயர் குருதியமுக்கம் என்பர். இது பெரும்பாலும் வலியோ தலைச்சுற்றோ காட்டுவதில்லை. ஓசையின்றியே மூளை, இதயம், சிறுநீரகம், கண் என்பவற்றின் குழாய்களைப் பழுதாக்கும். ஆதலால் நம் உடற்சுகம் சான்றாகாது. அளக்கும் கருவியே சான்று.

மருந்துகளின் வரலாற்றில் நம் அயல்நாட்டுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தி வேரின் பயனைப் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949 இல் ஆங்கில வைத்திய சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். 1952 இல் அவ்வேரினின்று ரெசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர் வேறு மருந்துகள் வந்தமையால் அதன் வழக்கு அருகிற்று.

இன்றைய மருந்துகள் வெவ்வேறு வழியாற் செயற்படுவன. குளோர்தலிடோன் போன்றவை மிகையான உப்பையும் நீரையும் சிறுநீரோடு போக்கும். அம்லோடிபின் நாடிச் சுவரின் தசையைத் தளர்த்தும். லொசாட்டன், டெல்மிசாட்டன் என்பன நாடியைச் சுருக்கும் இயற்கைப் பொருளொன்றின் செயலைத் தடுக்கும். இம்மூவகையையும் பாதியளவிற் சேர்த்த ஒரே குளிசையை இலங்கையில் 700 நோயாளரிடையே ஆராய்ந்து, 2018 இல் முடிவை வெளியிட்டனர். ஆறு மாதத்தில், அக்குளிசை பெற்றோருள் நூற்றுக்கு 70 பேரும், வழக்கமான சிகிச்சை பெற்றோருள் 55 பேரும் வேண்டிய அளவை எய்தினர். எனவே வைத்தியர் இரண்டு மூன்று மருந்து தந்தால், நோய் முற்றிவிட்டதென்று அஞ்சவேண்டா.

அம்லோடிபினாற் கால் வீங்கலாம். எனலாப்ரிலால் வறட்டிருமல் தோன்றலாம். அவற்றை வைத்தியரிடம் கூறின் மருந்தை மாற்றித் தருவர். நாமாக நிறுத்துதல் தகாது. குளிசை உண்ணுவதால் அளவு குறைந்திருக்கின்றதேயன்றி, நோய் நீங்கிவிடவில்லை.

கடலோரத்திற் பிறந்த நமக்குக் கருவாட்டை மறத்தல் அரிது. எனினும் நாளொன்றுக்கு 5 கிராமுக்குட்பட்ட உப்பே போதுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் கொள்கை. ஊறுகாயும் அப்பளமும் இக்கணக்கில் அடங்கும். நாள்தோறும் நடத்தலும், புகையும் மதுவும் நீக்கலும் மருந்துக்குத் துணையாவன.

அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கிலே அளத்தற்குப் பணம் வேண்டுவதில்லை. இம்மலரை மூடிவைக்கும் அன்பர், இவ்வாரத்துள் ஒருமுறை கையை நீட்டி அளந்துகொள்வாராக.